கோர்தோபாவில் மூன்று இரவுகள்

ஏப்ரல் மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கட்டிலில், முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துச் சாய்ந்தபடி எவரிஸ்தோ. தலைமாட்டில், வைக்கோல் பின்னிய குட்டை நாற்காலியில், அவர் மனைவி தோமாசா. சாப்பாட்டு மேசையிலிருந்து தூக்கிவந்த உயர நாற்காலியில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, பங்குச் சாமியார் அமான்சியோ. அடுப்பில் ஊசி கொதித்து முடியும்வரை ஜன்னல் கட்டையில் ஒரு பக்கமாக ஒண்டியிருந்தவர் கம்பவுண்டர் கோஸ்மே. கால்மாட்டில், துணிப்பெட்டியின் மேல், நோட்டைத் தொடையில் விரித்து, மகள் நியேவெஸ்.

எவரிஸ்தோ சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டிருந்தாள். மே ஆறு, வெள்ளி, காலை ஏழு மணிப் பேருந்து. மத்தியானம் மாட்ரிட். இரண்டு இருபதுக்கு ரயில். சாயங்காலம் ஏழுக்குக் கோர்தோபா. அங்கே மூன்று இரவு. ஒன்பதாம் தேதி திங்கட்கிழமை திரும்புவது. முப்பத்தொரு வருஷம் அந்தச் சிற்றூரின் பேருந்து நிலையத்தில் சீட்டு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரையெல்லாம் வெளியூருக்கு அனுப்பிவைத்த மனிதர் அவர். தான் மட்டும் பக்கத்து நகரமான சரகோஸாவைத் தாண்டியதில்லை.

சனிக்கிழமைக் காலையை என்ன செய்வது என்பதில் தகராறு. மசூதியாக இருந்து கோவிலான அந்தப் பெரிய கட்டிடத்தைக் கூட்டம் சேருவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்பது எவரிஸ்தோவின் கட்சி. வீட்டு முற்றங்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது தோமாசாவின் கட்சி. மே மாதம் அங்கே வீடு வீடாகக் கதவைத் திறந்துவைத்து, சுவர் முழுக்கத் தொட்டி தொட்டியாகப் பூத்திருப்பதைக் காட்டுவார்கள். "மசூதி எங்கயும் ஓடிப்போகாது. பூ வாடிடும்," என்றாள்.

"இவனை நம்பிக் கிளம்பாதே தோமாசா," என்றார் கோஸ்மே. "முப்பது வருஷமா எனக்குப் பின்சீட்டுதான் குடுத்திருக்கான்."

"பஸ் உறுமின பிறகு ஓடி வர்றவனுக்கு டிரைவர் மடியா குடுப்பாங்க?" என்ற எவரிஸ்தோ, சிரிக்கப்போய், வலியில் பாதியில் நிறுத்திக்கொண்டார். மூச்சு சரியானதும் சாமியார் பக்கம் திரும்பினார். "நீங்களும் வாங்களேன் சாமி. மே மாசம் அங்கே வெயில் தாங்கும்தானே?"

அமான்சியோ தொப்பியின் விளிம்பை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். "மே நல்ல மாசம்தான்," என்றார். அதில் பொய் எதுவும் இல்லை. அவருடைய கோட்டுப் பைக்குள், சாகப்போகிறவர்களுக்குப் பூசும் எண்ணெய்ச் சிமிழ் இருந்தது. வாசலிலேயே அவரை மறித்து, அவஸ்தை பூசுவதெல்லாம் எவரிஸ்தோ கண் அசந்த பிறகுதான், அதுவரை சும்மா எட்டிப்பார்க்க வந்ததுபோல உட்கார்ந்திருங்கள் என்று தோமாசா சொல்லிவைத்திருந்தாள்.

அந்த ஊரில் இது புதிதல்ல. தீராத நோய் வந்தால், இன்ன நோய் என்பது படுத்திருப்பவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். எவரிஸ்தோவுக்கு இருந்தது வயிற்றுப் புண் என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தார்கள். டாக்டர் பிப்ரவரியில் நடையில் நிற்கவைத்துச் சொன்னது வேறு. ரொட்டிக்கடைக்காரி முதல் பேருந்து ஓட்டுநர்வரை ஊரே அந்தப் புண்ணைப் பற்றி விசாரித்தது. தோமாசாவின் அப்பாவிடம் ஒரு டாக்டர் உள்ளதைச் சொல்லப்போக, அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து மூன்றாம் நாள் போய்விட்டார். அன்றைக்கு அவளுக்குப் பதினாறு வயது. அதனால் இந்த முறை டாக்டருக்கும் மகளுக்கும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: ஒரு வார்த்தை வரக்கூடாது. நியேவெஸை மாதா படத்தின் முன்னால் நிறுத்திச் சத்தியமே வாங்கிக்கொண்டாள்.

கோர்தோபாவும் அப்படி வந்ததுதான். சூப்பைக்கூட வாந்தியெடுத்த ஒரு நாள், "புண்ணு ஆறட்டும், மே மாசம் நாம கோர்தோபா போவோம்," என்று தோமாசா வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். எவரிஸ்தோ உடனே காகிதம் கேட்டார். மே மாதத்தில் அங்கே அறை கிடைக்காது, இப்போதே எழுத வேண்டும் என்றார். தொலைபேசியில் கேட்கலாமே என்றதற்கு, காகிதத்தில் இல்லாதது பதிவே இல்லை என்று சொல்லிவிட்டார். நியேவெஸ் எழுதினாள். பதில் வராவிட்டால் சந்தேகப்படுவார் என்று தோமாசா அந்தக் கடிதத்தை நிஜமாகவே அனுப்பவைத்தாள். பத்து நாளில் பதில் வந்தது: தம்பதிக்கு ஓர் அறை, முற்றத்தைப் பார்த்தபடி, மூன்று இரவு. கையெழுத்து, விடுதிக்காரி ரஃபயேலா. அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. பொய் வளர்ந்து, ரயில் நேரம் குறித்து, செருப்பு வாங்கும் அளவுக்கு வந்துவிட்டது.

நியேவெஸுக்கு முப்பத்தெட்டு வயது. நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதுகிறவள். அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரே ஒரு முறை, உள்ளதை உள்ளபடி பேசி, அப்பாவிடம் விடை சொல்லிக்கொள்ள வேண்டும். இரண்டு மாதமாக அந்த ஒன்றுதான் கிடைக்கவில்லை.

மூன்றரைக்கு ஊசி போட்டாயிற்று. மற்றவர்களுக்குக் காப்பி போட தோமாசா சமையலறைக்குப் போனாள்; சாமியாரும் கோஸ்மேயும் பின்னாலேயே எழுந்து போனார்கள். அறையில் அப்பாவும் மகளும் மட்டும். காப்பி பொங்க ஏழு நிமிஷம் ஆகும் என்பது நியேவெஸுக்குத் தெரியும். நோட்டை மூடினாள். அம்மாவின் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள். அவர் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். எடையே இல்லை.

"அந்த வெள்ளிக்கும் திங்களுக்கும் நீயும் லீவு போட்டுடு," என்றார் எவரிஸ்தோ. "உங்க அம்மாவுக்கு மாட்ரிட்ல வண்டி மாறத் தெரியாது."

"போட்டுடறேன்பா."

"ஜன்னல் சீட்டு அவளுக்கு."

"சரிப்பா."

அவர் அவளையே பார்த்தார். "என்னமோ கேக்க வந்தாப்ல இருக்கு."

நியேவெஸ் வாயைத் திறந்தாள். உள்ளே சமையலறையில் கோப்பைகள் தட்டில் ஏறும் சத்தம் கேட்டது. "அங்கே மே மாசம் மழை பெய்யுமாப்பா?" என்றாள்.

அவள் முகத்தில் எதையோ தேடியவர்போல இருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"பெய்யாது. குடை வேண்டாம். வீண் சுமை."

அதுதான் அவர் அவளிடம் பேசிய கடைசிப் பேச்சு. நாலரைக்கெல்லாம் தூக்கம் போல் ஒன்று வந்தது. தோமாசா ஜாடை காட்ட, அமான்சியோ சிமிழைத் திறந்து, ஜெபத்தை உதட்டுக்குள்ளேயே சொல்லி, நெற்றியில் எண்ணெய் பூசினார். எவரிஸ்தோவின் இமை லேசாகத் திறந்தது. "வேர்வை துடைக்கிறாருங்க, வேற ஒண்ணுமில்ல," என்று தோமாசா குனிந்து சொன்னாள். ஐந்து பத்துக்கு மூச்சு நின்றது. கோஸ்மே கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார், யாரும் கேட்காமலேயே.

புதன்கிழமை அடக்கம். மாடம் மாடமாகக் கட்டிய சுவர்க் கல்லறையில் மூன்றாவது அடுக்கில், கொத்தனார் செங்கல்லை வைத்துப் பூசும்வரை எல்லோரும் குளிரில் நின்றார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் தோமாசா ஒரே சேதியைச் சொன்னாள். அவருக்குத் தெரியவே தெரியாது. பயமில்லாமல் போனார். சனிக்கிழமைக் காலையில் எதை முதலில் பார்ப்பது என்று என்னோடு சண்டை போட்டுக்கொண்டே போனார். சொல்லும்போது அவள் முகத்தில் அழுகைக்கு நடுவே ஒரு நிறைவு இருந்தது. ஒரு பெரிய வேலையைக் கைநழுவ விடாமல் முடித்தவளின் நிறைவு. வந்த பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ செய்ததுதான் சரி என்றார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, அலுவலகக் கவுண்டரில், தபால்காரர் நகராட்சிக் கட்டோடு ஒரு தனிக் கடிதத்தையும் வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி போனார். எவரிஸ்தோ பெயருக்கு, கோர்தோபாவிலிருந்து. நியேவெஸ் பதிவேட்டை மூடி வைத்துவிட்டுப் பிரித்தாள்.

'மதிப்புக்குரிய எவரிஸ்தோ அவர்களுக்கு. பதினோராம் தேதியிட்ட உங்கள் கடிதம் கிடைத்தது. பென்சில் எழுத்துதான் என்றாலும் நன்றாகவே படிக்க முடிந்தது, வருத்தப்பட வேண்டாம். நீங்கள் கேட்டபடி, இரட்டைக் கட்டிலை எடுத்துவிட்டு, உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் இரண்டு தனிக் கட்டில் போடச் சொல்லிவிட்டேன். ஜூனுக்குத் தள்ளி வந்தாலும், அடுத்த வருஷமே வந்தாலும், அந்த அறை அவர்களுக்கு உண்டு. நீங்கள் எழுதினதை அவர்களிடம் சொல்ல மாட்டேன். எல்லாம் என்னிடமே இருக்கும். முன்பின் தெரியாத ஒருத்திக்கு இவ்வளவையும் எழுதினீர்களே என்று இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. வலி இல்லாத நாட்களைக் கடவுள் உங்களுக்குத் தரட்டும். ரஃபயேலா.'

இரண்டு முறை படித்தாள். பதினோராம் தேதி திங்கட்கிழமை. அன்றைக்கு அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். அப்பாவுக்குத் துணையாக இருந்தது கோஸ்மே.

கோஸ்மேயின் வீடு அலுவலகத்துக்கு நேர் பின்னால். கடிதத்தைப் பார்த்ததும் அவர் மறைக்கவில்லை. தான்தான் தபாலில் போட்டதாகவும், உறையைப் பிரித்துப் பார்க்கவில்லை என்றும் சொன்னார்.

"எப்போ தெரியும் அப்பாவுக்கு?"

"மூணாவது ஊசியிலயே. புண்ணுக்கு எவனாவது மார்ஃபின் போடுவானாடான்னு கேட்டான்." கோஸ்மே மேசைமேல் இருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தார். "உங்கம்மாகிட்ட மூச்சுவிடாதேன்னான். ராத்திரி பகலா எனக்காக நடிச்சிட்டிருக்கா, தெரிஞ்சுபோச்சுன்னா அவ கைக்கு வேலை இல்லாமப் போயிடும்னான்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"நீயா வாயைத் திறப்பேன்னு பாத்துட்டே இருந்தான்மா," என்றார் கோஸ்மே. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

மத்தியானம் வீட்டில் பக்கத்துத் தெருப் பெண்கள் இருவர் இருந்தார்கள். அவர்கள் போன பிறகு தோமாசா பாத்திரம் துலக்கினாள். நியேவெஸ் துடைத்து அடுக்கினாள். கடிதம் பாவாடைப் பையில் இருந்தது. அம்மாவின் மடித்துவிட்ட கறுப்புச் சட்டைக்கைக்குக் கீழே தெரிந்த கைகள் இரண்டு மாதத்தில் சரிபாதியாக இளைத்திருந்தன.

"அம்மா. அப்பாவுக்கு ஒருவேளை..."

தோமாசாவின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. "ஒருவேளை என்ன?"

அவள் திரும்பவில்லை. கழுத்து மட்டும் விறைத்தது. குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஒருவேளை அந்தக் கடைசி ஊசி வலிச்சிருக்குமோன்னு."

"கோஸ்மே கை பூ மாதிரி," என்றாள் தோமாசா. கை மறுபடி அசைந்தது. "அந்தக் கோர்தோபாக்காரிக்கு எழுதிடு, நாம வரலைன்னு. அறையைப் பிடிச்சு வெச்சிட்டு உக்காந்திருப்பா, பாவம்."

சாவைப் பற்றி எழுத வேண்டாம் என்றாள். ஊர் பேர் தெரியாதவளுக்கு நம் வீட்டுத் துக்கம் எதற்கு? தவிர்க்க முடியாத காரணம் என்று போட்டால் போதும். சாப்பாட்டு மேசையில் நியேவெஸ் எழுதினாள். தோமாசா தோளுக்குப் பின்னால் நின்று வரி வரியாகப் பார்த்தாள். 'தவிர்க்க முடியாத காரணத்தால் மே ஆறு முதல் ஒன்பதுவரை முன்பதிவு செய்திருந்த அறை எங்களுக்குத் தேவைப்படவில்லை. தங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்.' சரி என்று தலையசைத்து, பழைய தைல டப்பாவுக்குள்ளிருந்து ஒரு தபால்தலையை எடுத்துத் தந்தாள். பிறகு, "நல்ல எழுத்துடி உனக்கு," என்றாள். எப்போதும் அப்பாதான் அப்படிச் சொல்வார்.

சனிக்கிழமை நகராட்சி விடுமுறை. நியேவெஸ் தன்னிடமிருந்த சாவியால் அலுவலகத்தைத் திறந்து, விளக்குப் போடாமல், தன் மேசையில் உட்கார்ந்தாள். இன்னொரு தாளை எடுத்தாள். தேதி போட்டாள்.

'மதிப்புக்குரிய ரஃபயேலா அம்மாவுக்கு. இத்துடன் உள்ள கடிதம் என் தாயார் சொல்லி எழுதியது. அவருக்கு ஒன்றும் தெரியாது. அது அப்படியே இருக்கட்டும். என் தகப்பனார் பத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து பத்துக்கு இறந்துபோனார். பக்கத்தில் நாங்கள் இருந்தோம். உங்கள் கடிதம் மூன்று நாள் கழித்து என் கைக்கு வந்தது.'

அங்கே பேனா நின்றது. ஐந்து பத்து என்பதை ஏற்கெனவே ஒரு முறை, புதன்கிழமை காலை, பதிவேட்டில் அவளே எழுதியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒருவர் நாயை அதட்டிக்கொண்டு போனார். அவர் குரல் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்துவிட்டு, மிச்சத்தை எழுதினாள்.

'ஓர் உதவி கேட்கிறேன். அவர் உங்களுக்கு எழுதிய பென்சில் கடிதத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால், எனக்கு அனுப்பிவைக்க முடியுமா? என்ன எழுதியிருந்தாலும் பரவாயில்லை. வீட்டு முகவரிக்கு வேண்டாம். கீழே உள்ள நகராட்சி அலுவலக முகவரிக்கு, என் பெயருக்கு அனுப்பவும்.'

இரண்டு தாளையும் ஒன்றாக வைத்து மடித்தாள். உறைக்குள் போட்டு, விளிம்பை நாக்கால் நனைத்து, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்தினாள். அம்மா கொடுத்த தபால்தலையை ஒட்டினாள்.

தபால் அலுவலகம் பன்னிரண்டு மணிவரைதான். போகும்போது பதினொன்று ஐம்பது. பெட்டியில் போடாமல் ஜன்னலில் நீட்டினாள். குமாஸ்தா முகவரியைப் படித்துவிட்டு, முத்திரையை இரண்டு முறை குத்தினார்.

"செவ்வாய்க்கிழமை போய்ச் சேரும்," என்றார்.

"பதில் வர எத்தனை நாள் ஆகும்?"

"அது அவங்களைப் பொறுத்தது."

அவர் உறையைப் பைக்குள் போட்டார். பையின் வாயைச் சுருக்கிக் கயிறு சுற்றினார். முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து இறுக்கினார். நியேவெஸ் நகரவில்லை. பின்னால் நின்றவர் மெல்லச் செருமினார். அவள் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.