துடிப்பு இல்லை

என் ஆய்வேடு ஒரே முடிவின் மேல் நின்றது. கால்சியத்தைப் பிடித்துச் சேமித்து வைக்கும் புரதம் இல்லாத எலிக்கருவின் இதயம் துடிக்கத் தொடங்குவதே இல்லை. மூன்று வருடம், அறுபத்தொரு கருக்கள். ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டில் ‘துடிப்பு இல்லை’ என்று என் கோழிக் கிறுக்கலில் எழுதியிருந்தேன். சமர்ப்பிக்கப் பத்து நாள் இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கருவைக் கழுவும் உப்புக்கரைசல் தீர்ந்துவிட்டது. அதில் கால்சியம் இருக்காது. திசு ஒட்டாமல் பிரியும் என்று எனக்கு முன்னால் இருந்தவர்கள் அதில் கழுவினார்கள். நானும் கேள்வி கேட்காமல் கழுவினேன். புதிதாகக் கலக்கச் சோம்பல். கால்சியம் உள்ள வளர்ப்புக் கரைசல்தான் கைக்கு எட்டியது, அதையே ஊற்றினேன்.

சீரகம் அளவில் எட்டுக் கருக்கள். எட்டும் துடித்தன. ஒவ்வொன்றிலும் துணுக்கு எடுத்துச் சோதனைக்குப் போட்டேன். மாலை முடிவு வந்தது: ஐந்தாவது கருவில் அந்தப் புரதம் இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். துடித்துக்கொண்டிருந்தது. பழைய கரைசலைப் புதிதாகக் கலந்து எட்டையும் அதில் மாற்றினேன். மற்றவை உள்ளே சேமித்த கால்சியக் கையிருப்பை வைத்துச் சில நிமிடம் ஓட்டின. ஐந்தாவதற்குக் கையிருப்பு ஏது? பத்து எண்ணுவதற்குள் நின்றது. கால்சியத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு நடுக்கம், பிறகு மறுபடி துடிப்பு.

தலைக்கு மேல் அலமாரியில், அந்தக் கருக்களைப் பதப்படுத்தி வைத்த அறுபத்தொரு குப்பிகள். நிமிர்ந்து பார்க்கவே பயமாக இருந்தது.

என் வழிகாட்டி ரகுநாதன் சாரிடம் போய்ச் சொன்னேன்.

“ஒண்ணுதானேம்மா ஜெனிட்டா? அதை வச்சு மூணு வருஷத்தைக் குப்பையில போடுவியா? பேசாம சப்மிட் பண்ணு.”

“நக்கோ சார்.” பதற்றத்தில் ‘வேண்டாம்’ என்பதற்கு வாயில் என் செகந்திராபாத் பேச்சு வந்துவிட்டது. “அதெல்லாம் துடிச்சிட்டுதான் இருந்திருக்கு. நான்தான் கழுவி நிறுத்தியிருக்கேன்.”

“யாருக்கும்மா தெரியப்போகுது?”

ஆய்வகத்துக்குத் திரும்பி ஐந்தாவது கருவின் கிண்ணத்தை எடுத்தேன். அதைப் பிடித்த பெருவிரலில் என் நாடியே அடித்துக்கொண்டிருந்தது. அது என்னுடையதுதானா, கருவினுடையதா என்று சந்தேகமாக இருந்தது.

ஆய்வகக் குறிப்பேட்டில் எதையும் அழிக்கக் கூடாது. ஒரே கோடு போட்டு, அடித்தது படிக்கும்படி விட்டு, பக்கத்தில் திருத்தி, கையெழுத்தும் தேதியும் இட வேண்டும். முதல் ‘துடிப்பு இல்லை’யின் மேல் கோடு போட்டேன். ‘கழுவியதில் நின்றிருக்கலாம். ஜெனிட்டா.’ தேதியோடு அறுபத்தொரு முறை எழுதினேன். கடைசிக் கையெழுத்துகள் வேறு யாரோ போட்டவை மாதிரி இருந்தன.

ஐந்தாவது கரு இன்னும் கிண்ணத்தில் இருந்தது. சான்றுக்கு அதையும் பதப்படுத்தி வைத்தாக வேண்டும். அறுபத்திரண்டாவது குப்பியைத் திறந்தேன். குறிப்பேட்டில் ‘துடிப்பு உண்டு’ என்று எழுதினேன். பிறகு, இந்த முறை தெரிந்தே, அந்தத் துடிப்பை நிறுத்தினேன்.