கோமளா மட்டும் விழவில்லை

செவ்வாய்க்கிழமை காலை தோணிரேவுக் கரையிலிருந்து, கடலோடு சேர்ந்த ஏரிக்குள் இறங்கிய நான்கு பெண்களில் மூன்று பேரைத் தூக்கிக்கொண்டுதான் கரைக்கு வர வேண்டியிருந்தது. நான்காவது பெண் கோமளா தன் காலால் நடந்து வந்தாள். மூன்று நாட்களாக ஊர் அவளிடம் கண்ட குற்றம் அது ஒன்றுதான்.

வலையும் படகும் இல்லாத பெண்கள் அவர்கள். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து ஏரிக்குள் நடந்து போய், தண்ணீர் மார்புவரை ஏறும்படி குந்தி, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பார்கள். கைகள் இரண்டும் சேற்றுக்குள் இருப்பதால், பனையோலையில் பின்னிய பறிக்கூடையை அதன் கயிற்றைப் பிடித்து வாயில் கவ்விக்கொள்வார்கள். கையில் ஓர் இறால் தட்டுப்பட்டதும் கை மேலே வந்து அதைப் பறிக்குள் போட்டுவிட்டு மறுபடியும் சேற்றுக்குள் போய்விடும். இப்படி மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். வாய் திறந்தால் பறி போய்விடும் என்பதால் யாரும் பேசுவதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மூக்காலேயே முனகிச் சொல்வார்கள். அதிலேயே கேலியும் இருக்கும், சண்டையும் இருக்கும்.

அன்று முதலில் பறியைத் தவறவிட்டவள் செல்வம்மாள். இருபது வருடத்தில் ஒருநாள்கூடப் பறியை விட்டவள் இல்லை. கோமளா திரும்பிப் பார்த்தபோது செல்வம்மாளின் வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்துகொண்டிருந்தது; கண்களிலிருந்து நீர் கொட்டியது; கன்னத்துத் தசை தானாகத் துடித்தது. பிடித்த இறாலெல்லாம் அவளைச் சுற்றித் துள்ளிப் போயிற்று. அவளை இழுத்து வருவதற்குள் சூசையம்மாள் சரிந்தாள். பிறகு எலிசபெத். இரண்டு பேரைக் கோமளா தலைமுடியைப் பிடித்தே கரைவரை இழுத்து வந்தாள். மூன்றாமவளைப் படகில் போன ஆட்கள் தூக்கினார்கள்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், இது நரம்பைத் தாக்கும் விஷம் என்றார். என்ன குடித்தார்கள் என்று கேட்டார். மூன்று பேரையும் சென்னைக்கு அனுப்பினார்கள். டாக்டரின் முதல் வாக்கியம் மட்டும் ஊருக்குத் திரும்பி வந்தது.

டீக்கடை வைத்திருந்த மாசிலாமணி அதைத் தன் போனில் போட்டுத் தேடினார். நரம்பைத் தாக்கும் விஷத்தை வெளிநாடுகளில் யுத்தத்தில் போடுவார்கள், வேண்டாதவர்களின் கதவுக் கைப்பிடியில் தடவிவிட்டுப் போவார்கள் என்று அதில் வந்தது. அதற்குப் பிறகு ஊர் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு மேலே ஒரு சின்ன விமானம் பறந்ததைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். கடலில் போன கப்பல் ஒன்று பீப்பாயைத் தள்ளிவிட்டதாக இன்னொருவர். ஊரைக் காலி செய்ய வைக்கத்தான் இந்த வேலை என்றார்கள் சிலர். ரத்தத்தில் பூச்சிமருந்துதான் இருக்கிறது என்று ஆஸ்பத்திரி மறுநாள் சொன்னபோது, மறைக்கிறார்கள் என்றது மொத்தக் கரையும். டிவிக்காரர்கள் வண்டியோடு வந்து கோயில் எதிரே நின்றார்கள்.

விமானத்தையும் கப்பலையும் யாராலும் கைநீட்டிக் காட்ட முடியவில்லை. கோமளாவைக் காட்ட முடிந்தது. தண்ணீரில் இறங்குவதற்கு முன் நான்கு பேரும் டீ குடித்தார்கள், டீ கோமளாவின் ஃபிளாஸ்கிலிருந்து வந்தது. போலீஸ் ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு போனது. இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தது. செல்வம்மாளின் கணவன் லோகநாதன் மழிக்காத தாடியோடு கேமரா முன்னால் நின்று, கோமளா மட்டும் ஏன் விழவில்லை என்று அவளையே கேளுங்கள் என்றான். அதை ஊரெல்லாம் போனில் பார்த்தது. கோமளாவும் பார்த்தாள். தெருவுக்குள் அவள் வந்தால் பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். வியாழக்கிழமை அவள் தன் வீட்டு டீத்தூள் டப்பாவைத் திறந்து வெகுநேரம் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னை அறியாமல் ஏதாவது செய்துவிட்டோமோ என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கிராம நர்ஸ் எப்சிபா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடவும், எடை குறைந்தால் தாயைத் திட்டவும் வருகிறவள். அவள் குரலைக் கேட்டாலே தெருப்பிள்ளைகள் ஓடி ஒளிவார்கள். செவ்வாயன்று ஆம்புலன்ஸில் மூன்று பேரின் வாயைத் துடைத்தபடி பொன்னேரிவரை போனவளும் அவள்தான். நேராகக் கோமளாவின் வீட்டுக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். டீ கேட்டாள்.

கோமளா அசையாமல் நின்றாள்.

"இன்னா பாக்கற? போட்டுக் குடு. தொண்ட வறண்டு கெடக்குது."

கதவுக்கு வெளியே பத்துப் பதினைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்சிபா டம்ளரை வாங்கி, ஊதி ஊதி, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். சர்க்கரை கம்மி என்று குறை சொன்னாள். கோமளாவுக்கு அழுகை வந்தது. அந்த டீ தொண்டைக்காக இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதை ஒரு பெரிய காரியமாகக் காட்டிக்கொள்ளாமல் ஒருத்தியால் செய்ய முடிகிறதே என்பதுதான் அவளை உடைத்தது.

பிறகு எப்சிபா விஷயத்தைச் சொன்னாள். செல்வம்மாளுக்கு இன்னும் குழாய் வழியாகத்தான் மூச்சு. ஆனால் ஊசி மருந்து கேட்கிறது, நேற்று கண் திறந்தாள். விழுந்தபோது மூன்று பேருக்கும் கண்மணி கடுகு அளவு சுருங்கியிருந்தது. வயல்பக்கம் பூச்சிமருந்து குடித்தவர்கள் நான்கு பேரிடம் அதே கண்ணை அவள் பார்த்திருக்கிறாள். இதுவும் அதுதான். எந்த வழியாக உள்ளே போனது என்பதுதான் தெரியவில்லை.

"என்ன நடந்துச்சுன்னு நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்ட. சொல்ல வேணாம். அன்னிக்கு செஞ்சத அப்படியே எனக்கு செஞ்சு காட்டு. தண்ணிக்குள்ள."

கரைக்குப் போவதற்குள் ஊரே பின்னால் வந்துவிட்டது. கேமராக்காரனும் ஓடி வந்தான். கோமளா தலையைக் குனிந்தபடி ஏரிக்குள் நடந்தாள். எப்சிபா புடவையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு பின்னாலேயே இறங்கினாள். அவளுக்கு நீச்சல் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். தண்ணீர் தொடைக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. சேற்றில் ஒருமுறை கால் புதைந்து தடுமாறியபோது கோமளாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள், நடையை நிறுத்தவில்லை.

கோமளா பறியை எடுத்தாள். கயிற்றை இடுப்பில் சுற்றி முடிந்தாள். குந்தினாள். கைகளைச் சேற்றுக்குள் விட்டாள்.

"இரு," என்றாள் எப்சிபா. "வாயிலதானே கவ்வுவீங்க?"

"கவ்வுவோம். எனக்குக் கடவாப்பல்லு வீங்கிக்கினு கீது. போன வாரத்துலேந்தே இடுப்புலதான் கட்டறேன். செல்வம்மாக்கா கூட, பல்லு போன கெழவின்னு மூக்காலயே கிண்டல் பண்ணிச்சு."

"மத்த மூணு பேரும்?"

"வாயிலதான்."

எப்சிபா கோமளாவுக்குப் பக்கத்தில் நெருங்கி வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவர்கள் பறியெல்லாம் எங்கே என்று கேட்டாள். படகுக்காரர்கள் பொறுக்கி வந்து செல்வம்மாள் வீட்டு வேலியில் மாட்டியிருப்பதாகக் கோமளா சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அந்தப் பறிகள் கண்முன் வந்தன. மூன்றிலும் புதுக் கயிறு. நீல நைலான் கயிறு. ஞாயிற்றுக்கிழமை லோகநாதன் வயல்பக்கம் ஒரு கொட்டகையில் லோடு இறக்கும் வேலைக்குப் போய், அங்கே தூக்கிப் போட்டிருந்த கயிற்றுச் சுருணையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். அன்று அவன் வாந்தி எடுத்தான். குடித்துவிட்டு வந்ததாக நினைத்து செல்வம்மாள் ஏசினாள். கயிறு நல்ல கயிறு என்று தெருப் பெண்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தாள். மூன்று பேர் திங்கட்கிழமை இரவு அதைப் பறியில் கட்டினார்கள். கெரசின் நாற்றம் அடிக்கிறது, தண்ணீரில் போய்விடும் என்று எலிசபெத் சொன்னதுகூடக் கோமளாவுக்கு நினைவு வந்தது. எல்லாவற்றையும் எப்சிபாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

மற்றவர்கள் இன்னும் கட்டவில்லை. நாளைக் காலை ஏரியில் தண்ணீர் நன்றாக வற்றும். மூன்று நாளாக அடுப்பு சரியாக எரியாத வீடுகள் அவை. விமானம் பறந்தாலும் கப்பல் வந்தாலும் நாளை இறங்கித்தான் ஆவார்கள்.

கரையேறியதும் எப்சிபா செல்வம்மாள் வீட்டுக்கு நடந்தாள். ஊசிப் பெட்டியிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, வேலியிலிருந்த மூன்று பறிகளையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினாள். கூட்டத்திடம் சுருக்கமாகச் சொன்னாள்: பூச்சிமருந்து டப்பாக்களைக் கட்டியிருந்த கயிறாக இருக்க வேண்டும், மருந்து எண்ணெய்ப்பதம், சீக்கிரம் கழுவிப் போகாது, மூன்று மணி நேரம் வாயில் வைத்து ஊறினால் ஆளைக் கவிழ்க்கும். பரிசோதனைக்கு இதை அனுப்புவேன். ஆனால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்க முடியாது, மிச்சக் கயிறு எல்லாம் இப்போதே வர வேண்டும்.

மாசிலாமணிக்கு அது பிடிக்கவில்லை. "யுத்தத்துல போடற மருந்த போட்டவன உட்டுட்டு, கயித்தப் புடிச்சிக்கினு நிக்கறாங்க பாரு," என்றார். பலர் சிரித்தார்கள். நர்ஸுக்கு மேலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று ஒரு குரல் வந்தது.

எப்சிபா மாசிலாமணியைப் பார்த்துத் தலையசைத்தாள். "நீ படிச்சது தப்பில்ல, அண்ணே. அந்த மருந்தும் இந்த மருந்தும் ஒரே குடும்பம்தான். அங்க கதவுல தடவறாங்க. இங்க கயித்துல ஒட்டிக்கினு வந்துச்சு."

மாசிலாமணி போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். ஆனாலும் யாரும் நகரவில்லை. ஊர்ப் பெரியவர் எல்லப்பன் முன்னால் வந்தார். சரி, அந்தக் கயிற்றை ஊருக்குள் கொண்டுவந்தது யார் என்று கோமளாவைப் பார்த்துக் கேட்டார். கயிறு வாங்கியிருந்த பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். கேமரா அவள் பக்கம் திரும்பியது.

லோகநாதன் வேலியோரம் நின்றுகொண்டிருந்தான். தன் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். கோமளா அவனைப் பார்த்தாள். ஒரு பெயரைச் சொன்னால் போதும். மூன்று நாள் தன் கழுத்தில் தொங்கியது இறங்கி, அவன் கழுத்துக்குப் போய்விடும். தன் பெண்டாட்டிக்குத் தன் கையாலேயே விஷம் கொண்டுவந்து கொடுத்தவன் என்று இன்றே டிவியில் ஓடும்.

"யாருன்னு எனக்குத் தெரியும்," என்றாள் கோமளா. "கொண்டாந்தவங்களுக்கு அது விஷம்னு தெரியாது. அத அப்புறம் பேசிக்கலாம். நாளைக்கு நீங்க தண்ணியில எறங்கறதுக்கு முன்ன கயிறு வரணும். நான் கேக்கறது அவ்ளோதான்."

எப்சிபா இன்னொரு பிளாஸ்டிக் பையை எடுத்து விரித்தாள்.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதற்குள் லோகநாதன் வீட்டுக்குள் போயிருந்தான். வெளியே வந்தபோது மிச்சச் சுருணை அவன் வெறும் கையில் தொங்கியது. கூட்டம் வழிவிட்டது. கேமராவுக்கு நேராக வந்து நின்றான்.

"நான்தான் கொண்டாந்தேன்," என்றான். "எல்லார் வூட்டுலயும் இருக்கறது இதுல வெட்டினதுதான்."

எப்சிபா குறுக்கே வந்து சுருணையைக் கீழே போடச் சொன்னாள். யாரும் தொடக்கூடாது என்றாள். சட்டையைக் கழற்றச் சொன்னாள். தண்ணீர் வேண்டும், சோப்பு வேண்டும் என்றாள்.

தண்ணீர்க் குடத்தைக் கொண்டுவந்தது கோமளா. எப்சிபா கையுறைக் கைகளால் அவன் விரலிடுக்கெல்லாம் நுரை வைத்துத் தேய்க்கத் தேய்க்க, கோமளா குனிந்து ஊற்றினாள். பின்னால் பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்து தங்கள் வீடுகளுக்கு ஓடினார்கள். கயிற்றுத் துண்டுகளைக் குச்சி நுனியில் தொங்கவிட்டபடி, பாம்பைத் தூக்கி வருவதுபோல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி, இரண்டு பேர், பிறகு ஐந்தாறு பேர் சேர்ந்தாற்போல் திரும்பி வந்தார்கள்.

"கோமளா," என்றான் லோகநாதன், தலை நிமிராமல். "அன்னிக்கு நான் டிவியில..."

"தோள நல்லா காட்டு, அண்ணே," என்றாள் கோமளா. "சுருணைய மாட்டிக்கினு வந்த எடம் அதுதானே. நர்சம்மா, இங்க இன்னும் கொஞ்சம் சோப்பு."