நூற்று இருபது இடது கைகள்

தையல் பிரிவிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்து வெட்டு மேசையில் கொட்டினார்கள். நூற்று இருபது சட்டைக் கைகள். அத்தனையும் இடது கை. மருந்துக்குக்கூட ஒரு வலது கை இல்லை.

துணியை ஓர் அடுக்கு நல்ல பக்கம் மேலாக, அடுத்த அடுக்கு கீழாக, மாற்றி மாற்றி விரிக்க வேண்டும். அப்போதுதான் ஒரே வெட்டில் இடதும் வலதும் விழும். எல்லாவற்றையும் ஒரே பக்கமாக விரித்தால் இந்தக் கதிதான். எப்படி விரிப்பது என்று சொல்வது கட்டிங் மாஸ்டரான என் வேலை. விரிப்பது தங்கச்சியின் வேலை. கூடப் பிறந்தவள் இல்லை; ஆறு வருஷம் ஒரே மேசைக்கு இரு பக்கமும் நின்றதில் வந்த உறவு.

மேனேஜர் அவளிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார். "நாளையிலேருந்து வராதேம்மா."

"ஒரே பக்கமா விரின்னு அண்ணன்தான் சார் சொன்னாரு. நான் ரெண்டு தடவை கேட்டேன்."

"அப்படியா சொன்னீங்க மாஸ்டர்?"

"எப்பவும் சொல்ற மாதிரிதான் சார் சொன்னேன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகுதான் ஞாபகத்தில் நேற்றுக் காலையைத் தேடிப் பார்த்தேன். டீ குடித்தது இருக்கிறது, மெஷினைப் போட்டது இருக்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. நாலு மாதமாக எனக்குத் தூக்கம் கிடையாது. "மனசுல என்ன கவலை?" என்று டாக்டர் கேட்டார். தூக்கம் வராததுதான் கவலை என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சீட்டு எழுதினார். "நீங்க புரண்டா கட்டிலே புரளுது" என்று மனைவி தலையணையோடு பிள்ளைகள் அறைக்குப் போய்விட்டாள். வேலை செய்யும் இடத்தில் மூச்சு விடவில்லை. தூங்காதவன் கையில் யார் கத்தியைக் கொடுப்பார்கள்?

தங்கச்சி மேசையில் சிதறிக் கிடந்த கைகளை எடுத்து, ஓரம் பார்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள். போகச் சொன்ன பிறகும் மேசையைச் சுத்தம் செய்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"சார், அவ சொல்றதுதான் சரியா இருக்கும்."

"இருக்கும்னா?"

"எனக்கு ஞாபகம் இல்ல சார். நாலு மாசமா நான் தூங்கவே இல்ல."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. "முதல்லயே சொல்லக் கூடாதா மாஸ்டர்?" என்று நோயாளியிடம் பேசுகிற குரலில் கேட்டார். பிறகு அவரே குனிந்து வெட்டு மெஷினின் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி அதன் மேலேயே வைத்தார்.

"நீ இரும்மா. வேற துணி எடுத்து விரி."

அவள் புதுச் சுருளை உருட்டிக்கொண்டு வந்தாள். முதல் அடுக்கை இழுத்துவிட்டு, துணியின் நுனியைக் கையில் பிடித்தபடி நின்றாள். பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். அவள் மேனேஜரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தப் பக்கம் சார்?"