சாமி வந்த நேரம் மாலை ஐந்தரை

போன செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் கடவுள் தன் வீட்டுக்குப் பதினேழு தடவை வந்துபோனதாக மந்தாரக்குப்பம் டீக்கடையில் கலியபெருமாள் அறிவித்தார். பதினெட்டாவது தடவை வாசல்வரை வந்தாராம். கலியபெருமாள் குளித்துக்கொண்டிருந்ததால் தொந்தரவு வேண்டாமென்று திரும்பிவிட்டாராம்.

"எண்ணுனது யாரு?" என்றார் மணிமாறன். இருவரும் ஒரே ஷிப்டில் வேலை பார்த்து ஒரே வருஷம் ஓய்வு பெற்றவர்கள்.

"லாக் புக்குல ஏத்தியிருக்கிறேன், வந்து பாரு."

மணிமாறனுக்கு அது போதும். முப்பத்தாறு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டியவர்களுக்கு, மணி போட்டு லாக் புக்கில் எழுதியதுதான் நடந்தது. எழுதாதது நடக்கவே இல்லை. கடையில் இருந்த மற்றவர்களும் பதினேழு என்பது நியாயமான எண்ணிக்கைதான் என்று ஒத்துக்கொண்டு டீயைக் குடித்தார்கள்.

டீக்கடை நம்பி என்ன பிரயோசனம்? நம்ப வேண்டியவள் பக்கத்து ஊரான வடக்குத்தில், வீட்டில் உட்கார்ந்திருந்தாள். கலியபெருமாளின் மனைவி கண்ணகி.

கண்ணகி பாடுவாள். டவுன்ஷிப் கோயிலில் செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் கூடிப் பாடும்போது அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். அவள் குரலை உயர்த்தினால் சுரங்கத்தின் அடியில், முந்நூறு அடி ஆழத்தில் நிற்கிறவனுக்கும் கேட்கும் என்பது கலியபெருமாளின் கணக்கு. தன் காதாலேயே மூன்று முறை கேட்டதாகச் சத்தியம்கூடச் செய்வார். மூன்று மாதத்துக்கு முன்னால் அவளுக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் ஆனது. கோயில் படி ஏற முடியாது. அன்றிலிருந்து பாட்டும் நின்றுபோனது.

"வூட்ல பாடேன்" என்றால், "சாமி இல்லாத எடத்துல யாருக்குப் பாடுறது?" என்பாள்.

பெல்ட் ஓடுகிறவரை அதன் சத்தம் கன்வேயர்காரர்களின் காதில் விழாது. நின்றால்தான் திடுக்கிட்டு நிமிர்வார்கள். மூன்று மாதமாகக் கலியபெருமாள் அப்படித்தான் வீட்டுக்குள் திடுக்கிட்டுக்கொண்டே இருந்தார். சாமி இந்த வீட்டில் இருக்கிறார் என்று நிரூபித்துவிட்டால் அவள் பாடித்தானே ஆக வேண்டும்? பழைய டைரி ஒன்றை லாக் புக்காக்கி எழுதத் தொடங்கினார்.

'காலை 6.10. தோசை மாவு பொங்கி மூடியைத் தூக்கியது. யாரும் தொடவில்லை.' 'காலை 7.25. ஜன்னல் வெயில் தண்ணீர் டம்ளரில் இறங்கியது. சுவரில் ஏழு நிறம்.' 'பகல் 11.00. கண்ணகியின் கால் நேற்றைவிட இரண்டு விரல்கடை அதிகம் மடங்கியது.'

இதோடு நிறுத்தியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். ஆனால் உள்ளதை உள்ளபடி விட அவருக்குக் கை வராது. மாவு மறுநாள் மின்விசிறிவரை பொங்கியது. கொடிக்கயிற்றில் கழுகு அளவுக்கு ஒரு குருவி கூடு கட்டியது. இதையெல்லாம் மதியச் சாப்பாட்டின்போது அவர் சத்தமாக வாசிக்க, "கழுவு ஒக்காந்தா கொடி தாங்குமா? சோத்தத் துன்னுங்க" என்பாள் கண்ணகி.

அன்றைக்கு டீக்கடையிலிருந்து வந்து, சாப்பிட்டு, படுக்கப்போகும்முன் அவர் ஒரு தப்புச் செய்தார். ஷிப்டில் எல்லாம் ஒழுங்காக ஓடினால், வரப்போகும் மணிக்கும் சேர்த்து இப்போதே எழுதிவிட்டு நிம்மதியாக உட்காரும் கெட்ட பழக்கம் அவருக்கு உண்டு. அதே பழக்கத்தில் இரண்டு மணிக்கே எழுதிவைத்தார்: 'மாலை 5.30. சாமி பின்வாசல் வழியாக வந்தார். கண்ணகி பாடினாள்.'

மாத்திரையைத் தேடிய கண்ணகியின் கையில் டைரி கிடைத்தது.

"ஏங்க, ஏந்திரிங்க. மணி இப்பதான் நாலு. அஞ்சரைக்கு நான் பாடி முடிச்சிட்டனாமே?"

எத்தனையோ அதிகாரிகளிடம் தப்பித்த கலியபெருமாள் பாயிலேயே மாட்டிக்கொண்டார்.

"அது இன்னிக்கி ஒரு நாளுதான் கண்ணகி..."

"மீதி மட்டும் இன்னாவாம்? சாமி பேர்லயே பொய் எழுதிக்கினு இருந்திருக்கீங்க." அவள் குரல் கோபத்திலிருந்து வேறு எதற்கோ இறங்கியது. "நான் ஏற்கெனவே நொந்துபோயி கெடக்கறேன். இதுல நெசம்னு ஒண்ணே ஒண்ணு காட்டுங்க. காட்ட முடியலன்னா இனிமே எங்கிட்ட சாமின்னும் பேசக் கூடாது, பாட்டுன்னும் பேசக் கூடாது."

கலியபெருமாள் பக்கங்களைப் புரட்டினார். ஒவ்வொன்றிலும் அவர் கைவரிசை இருந்தது.

"குருவி" என்றார் கடைசியில். "கழுவு அளவு இல்ல. கட்டவெரல் அளவு."

"அதயாவது ஒத்துக்கினீங்களே."

கையைப் பிடித்து, ஒவ்வொரு அடியாக, பின்வாசலுக்கு அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்தார். மூன்று மாதமாக அவள் இந்தப் பக்கம் வந்ததில்லை. துணியெல்லாம் ஹாலிலேயே காய்ந்துகொண்டிருந்தது. கொடிக்கயிற்றின் நடுவில் காய்ந்த இலையும் நூலும் சிலந்திவலையுமாக ஏதோ தொங்கியது.

"இது குப்ப" என்றாள்.

"செத்த இரு."

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. "எங்க ஒங்க சாமி?" என்று அவள் எழப்போனபோது கருநீலமாக ஒன்று பளிச்சென்று வந்து அந்தக் குப்பையைப் பற்றிக்கொண்டது. தேன்சிட்டு. உள்ளேயிருந்து இரண்டு சின்ன வாய்கள் திறந்தன. ஊட்டிவிட்டு அது பறந்ததும், மஞ்சள் வயிற்றோடு இன்னொன்று வந்தது.

"ரெண்டும் மாத்தி மாத்தி டூட்டி" என்றார் மெதுவாக.

கண்ணகி கண்ணெடுக்காமல் பார்த்தாள். "எப்ப வந்துது இது?"

"மாசத்துக்கு மேல ஆவுது. கொடி சும்மாதான கெடந்துச்சு."

தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் அவள் சொன்னாள்: "நான் நல்லா நடமாடிக்கினு இருந்திருந்தா தெனம் துணி போட்டிருப்பேன். இதுக்கு எடமே இருந்திருக்காது. நான் வூட்டுக்குள்ள ஒக்காந்து, சாமி என்ன வுட்டுட்டாருன்னு அழுதுக்கினு இருந்தேன். அவரு இங்க குடி வெக்க எடம் பாத்துக்கினு இருந்திருக்காரு."

பதினேழு வருகையை எழுதிய கலியபெருமாள் இந்த ஒன்றைத் தவறவிட்டிருந்தார். கூட்டிச் சொல்லவும் அதில் இடமில்லை. ஏற்கெனவே அது அவ்வளவு பெரிதாக இருந்தது.

அப்போது அவள் பாடினாள். மணி ஐந்தரை. சுரங்கத்தின் அடிவரைக்கும் போகும் குரல், குஞ்சுகள் பயப்படக்கூடாதென்று மதில் சுவரைக்கூடத் தாண்டவில்லை. ஒரு கட்டெறும்பு கலியபெருமாளின் காலில் ஏறி நிதானமாகக் கடித்தது. அவர் அசையவில்லை. அறுபத்திரண்டு வயதில், சொல்ல அத்தனை இருந்தும் வாயைத் திறக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. முழுப்பாட்டுக்கும் சிட்டுகள் போய்வந்துகொண்டே இருந்தன.

பாட்டு முடிந்த கையோடு மணிமாறனுக்குப் போன் போட்டுவிட்டார்.

"மாறா, கேட்டுக்க. நாப்பது குருவி. ஒண்ணொண்ணும் மயிலு மாதிரி. இவ பாடுனா பாரு, சாமி அப்பிடியே கொடியப் புடிச்சிக்கினு நின்னுட்டாரு..."

"போன இங்க குடுங்க" என்றாள் கண்ணகி.

மறுமுனையில் மணிமாறன் சிரித்துக்கொண்டே கேட்டார்: "இன்னாம்மா, இவன் சொல்றது எதுனா நடந்துச்சா?"

"நாப்பது இல்லீங்கண்ணா, ரெண்டு. மயிலும் இல்ல." அவள் கொடியைப் பார்த்தாள். "ஆனா சாமி வந்தாருங்க. நானும் பாடுனேன். அது நடந்துதுங்கண்ணா."