எடுத்துவைத்த உருண்டைகள்

எங்கள் வீட்டு ஹாலிலேயே உல்லன் நூல் கடை ஆரம்பித்ததிலிருந்து அங்கே ஜன்னல் திரையை விலக்கியதே இல்லை. வெயில் பட்டால் உல்லன் வெளுத்துவிடும். சோபா இருந்த இடத்தில் நாலு அலமாரி, அவற்றில் அறுபது நிறம். நானும் கணவரும் மகளும் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிடுகிறோம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டது நான்தான், யாரையும் குறை சொல்லப்போவதில்லை. சரி, நாத்தனாரைக் கொஞ்சம் சொல்வேன்.

நான் இருபது வருஷமாகப் பின்னுகிறவள். பஸ்ஸில், பாங்க் வரிசையில், டிவி முன்னால் என்று என் கை சும்மா இருந்ததில்லை. இவ்வளவு உல்லன் வாங்குகிறாயே, நீயே விற்றால் என்ன என்று கேட்டது என் கணவரின் அக்காதான், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினேன். நாள் முழுக்க உல்லனுக்கு நடுவில் உட்கார்ந்து இஷ்டத்துக்குப் பின்னலாம் என்று ஒரு பேராசை. இப்போது கல்லாவில் அண்ணி இருக்கிறார். நான் கடையில் காட்டிவைக்க மாதிரிகள் பின்னுகிறேன். புது நிறம் வந்தால் ஒரு தொப்பி, புது ரகம் வந்தால் ஒரு கையுறை. எனக்கென்று எதையாவது கையில் எடுத்தால் அண்ணி ஒரு பார்வை பார்ப்பார். நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆகவேண்டும் என்பது அவருடைய வேதம்.

அண்ணி போட்ட சட்டம் ஒன்று உண்டு. உல்லனுக்குச் சாயம் போடும்போது தொட்டிக்குத் தொட்டி நிறம் துளி மாறும். விளக்கு வெளிச்சத்தில் தெரியாது, வெயிலில் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஸ்வெட்டருக்கு நூல் வாங்குகிற ஒவ்வொருவருக்கும் அதே தொட்டி நூல் உருண்டை இரண்டைப் பெயர் எழுதிய பையில் மூன்று மாதம் எடுத்துவைப்போம். குறைந்தால் வந்து வாங்கிக்கொள்ளலாம். நல்ல சட்டம்தான், அதற்காகவே ஆட்கள் எங்களைத் தேடி வருகிறார்கள்.

என் மகளுக்குக் குளிரான ஊர் ஒன்றில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமை ரயில். சின்ன வயதில் நான் பின்னிக் கொடுத்ததையெல்லாம் குத்துகிறது, அரிக்கிறது என்று கழற்றி எறிந்தவள், முதல் தடவையாகத் தானே வாய்விட்டுக் கேட்டாள், மயில்கழுத்து நிறத்தில் ஒரு ஸ்வெட்டர் வேண்டும் என்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. தொப்பிக்கும் கையுறைக்கும் நடுவே திருட்டுத்தனமாகப் பின்னினேன். இடது கையை மணிக்கட்டிலிருந்து ஆரம்பித்து முழங்கைக்கு வரும்போது நூல் தீர்ந்துபோனது. அந்தத் தொட்டியில் மிச்சம் இருந்தது இரண்டே உருண்டை, வாடிக்கையாக வரும் பல் டாக்டர் அம்மாவின் பெயர் எழுதிய பையில். அந்த அம்மா அதுவரை மூன்று ஸ்வெட்டருக்கு நூல் வாங்கி ஒன்றைக்கூட முடித்ததில்லை. இதை மட்டும் முடித்துவிடப்போகிறாரா என்று எடுத்துப் பின்னிவிட்டேன்.

புதன்கிழமை காலையில் பல் டாக்டர் வந்தார். பையிலிருந்து மயில்கழுத்து நிற ஸ்வெட்டரை எடுத்து மேஜைமேல் விரித்தார். கழுத்துப்பட்டி மட்டும்தான் பாக்கி, அதற்கு நூல் போதவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை முடிக்கப்போவதாகச் சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அண்ணி உள்ளே போய்ப் பையைத் திறந்தார், என்னைப் பார்த்தார். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். நூல் பத்திரமாக இருக்கிறது, அலசி உலர்த்தித் தருகிறோம், நாளை சாயங்காலம் வாருங்கள் என்றார். டாக்டர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணி சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன்.

"அந்தக் கையைப் பிரிச்சு, வேற தொட்டி நூல்ல முடிச்சுக் குடு. வீட்டுப் புள்ளதானே, அனுசரிச்சுப்பா. வெளி ஆளு எதுக்கு அனுசரிக்கணும்?"

உரலுக்கு ஒரு பக்கம்தான் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மத்தியானம் சமையலறையில் உட்கார்ந்து இடது கையைத் தோளிலிருந்து பிரிக்க ஆரம்பித்தேன். பின்ன நாலு நாள் ஆனது, பிரிய அரை மணி நேரம்கூட ஆகாது. நூல் சுருள் சுருளாக மடியில் விழுந்தது. மகள் வந்து பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நூலைச் சுற்ற இரண்டு கைகளையும் நீட்டினாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோதுகூட அவள் இப்படி உட்கார்ந்ததில்லை. நான் பிரிக்கப் பிரிக்க அவள் மணிக்கட்டுகளில் சுற்றிக்கொண்டே வந்தேன்.

முழங்கை வரை பிரித்து முடித்தபோது அவள் சொன்னாள்.

"நான் கடை வாசல் வழியா வந்து கேட்டிருக்கணும்மா. அப்போ எனக்கும் ரெண்டு எடுத்து வெச்சிருப்பே."

கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாக, உப்பு கம்மி என்று சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு அழுகை முட்டியது. அவளைக் கட்டிப் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. அசைந்தால் நூல் சிக்கலாகிவிடும் என்று அவளும் அசையவில்லை, நானும் அசையவில்லை.

ஹாலில் யாரோ வந்த சத்தம் கேட்டது. அண்ணி என்னைக் கூப்பிட்டார். குழந்தைத் தொப்பிக்கு எத்தனை உருண்டை வேண்டும் என்று கேட்கிறார்களாம்.

"ரெண்டு போதும்," என்றேன், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "கூட ரெண்டு எடுத்து வைக்கிறோம்னு சொல்லுங்க."