குறுக்குக்காற்று

போஜிதாரின் நெஞ்சுவலிக்குக் காரணம் குறுக்குக்காற்றுதான் என்று நிஷ் நகரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவர் மனைவி ஸ்லாவ்கா சத்தியமே செய்வாள். எதிரெதிர் ஜன்னல்கள் ஒன்றாகத் திறந்திருந்தால் ஆளையே கொன்றுவிடும் என்பது அங்கே பச்சைக்குழந்தைக்கும் தெரியும். அதனால் வெயில் கொளுத்தும் ஆகஸ்டிலும் வீட்டை இறுக மூடி, ராக்கியா சாராயத்தில் நனைத்த துணியை அவர் மார்பில் கட்டிவைத்தாள். வலி மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

கடைசியில், இதயத்தில் கோளாறில்லை, கழன்ற விலா எலும்புதான் நரம்பைக் குத்துகிறது என்று கண்டுபிடித்து ஆபரேஷன் செய்தார்கள்.

வீடு திரும்பிய அன்று போஜிதார் கட்டிலில் சாய்ந்து மூச்சை ஆழ இழுத்துப் பார்த்தார். தையல் சுரீரென்றது, பழைய வலியைக் காணோம்.

"ஸ்லாவ்கா, ரெண்டு ஜன்னலையும் திறயேன். இத்தனை வருஷம் என்னை ஊறுகா போட்டது போதும்."

"டாக்டரு எலும்பைத்தான் பார்த்தாரு. காத்தைப் பார்த்தாரா?"

முணுமுணுத்துக்கொண்டே திறந்தாள். பிறகு கம்பளிச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, காற்று வரும் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்க ஏன்டி உக்காந்திருக்க?"

"நீ பாட்டுக்கு மூச்சு விடு, மனுஷா. வர்ற காத்து முதல்ல என்மேல படட்டும்."