ஜூனிக்கு இன்னைக்கு ரெண்டு வயசு

ஷெல்பியின் போன் வந்தபோது ரோண்டா தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசருக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் தீம் பார்க்குக்குக் கிளம்ப வேண்டும். பார்க்குக்குள் ஒரு பாட்டில் தண்ணீருக்குக் கேட்கிற விலையில் வெளியே ஒரு பெட்டியே வாங்கிவிடலாம். ராத்திரி உறைய வைத்துப் பையில் போட்டுக்கொண்டால் மத்தியானம் வரைக்கும் தாங்கும். சாண்ட்விச்சும் கட்டியாகிவிட்டது. வேர்க்கடலை வெண்ணெய் தடவியது. ஃப்ளோரிடா வெயிலில் கெட்டுப்போகாதது அது ஒன்றுதான்.

"ரோண்டா, நாங்களும் வர்றோம்! நானும் ஜூனியும்!" என்றாள் தங்கை. ஜூனி அவளுடைய மகள்.

ரோண்டா கையிலிருந்த பாட்டிலை ஃப்ரீசருக்குள் அழுத்தித் திணித்தாள்.

முன்பெல்லாம் அவர்களிடம் வருஷம் முழுவதும் செல்லும் பாஸ் இருந்தது. மகள் ஆட்ரி நடை பழகியதே அந்த பார்க்கின் பாதைகளில்தான் என்று சொல்லலாம். பிறகு பாஸ் விலை ஏறியது, மறுபடியும் ஏறியது. மூன்றாவது தடவை ஏறியபோது ரோண்டாவும் அவள் கணவன் வேடும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, சரி, இனி வருஷத்துக்கு ஒரு நாள் என்று முடிவு செய்தார்கள். அந்த ஒரு நாளுக்காக ரோண்டா மருந்துக்கடையில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலை பார்த்தாள். வேடின் தலைமுடியை அவளே வெட்டினாள். இந்த ஏப்ரலில் ஆட்ரிக்குப் பத்து வயது முடிந்ததும் அவளுக்கும் பெரியவர்கள் டிக்கெட்தான் என்றாகிவிட்டது. பிறந்தநாள் கேக்கை வெட்டும்போது ரோண்டாவின் மனசு அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தது.

"டிக்கெட் வாங்கிட்டியா?" என்று தங்கையிடம் கேட்டாள்.

"நான் வேலை பார்க்கிற பியூட்டி பார்லருக்கு வர்ற ஒரு அம்மா சும்மாவே குடுத்தாங்க. அவங்களால போக முடியலையாம்."

அதுதான் ஷெல்பி. பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். ரோண்டா இரண்டு கோடை விடுமுறை ஆரஞ்சுப் பழ ஆலையில் நின்று சம்பாதித்துப் பழைய கார் ஒன்று வாங்கினாள். ஷெல்பிக்கு அம்மா தன் காரையே தூக்கிக் கொடுத்துவிட்டாள், அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள் என்பதற்காக. புருஷன் விட்டுப்போனபோதுகூட ஊரே ஷெல்பிக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது. ரோண்டாவுக்கு மூட்டில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது எட்டிப் பார்க்க ஆளில்லை.

"ஜூனிக்கு?"

"மூணு வயசுக்குக் கீழே இருந்தா டிக்கெட்டே வேண்டாமே."

"அவளுக்கு நாலு முடிஞ்சிடுச்சுடி."

"நாளைக்கு ஒரு நாள் ரெண்டு," என்று சொல்லிச் சிரித்தாள் ஷெல்பி.

காலையில் வண்டியைப் பார்க்கின் நிறுத்துமிடத்தில் விடவில்லை. அதற்கும் விலை ஏறியிருந்தது. சாலைக்கு எதிர்ப்புறம், வழிப்பயணிகள் தங்கும் ஒரு மோட்டலை ஒட்டிய காலி மனையில் ஒருவர் குறைந்த காசுக்கு நிறுத்தவிட்டார். அங்கிருந்து பைகளைச் சுமந்துகொண்டு நடந்தார்கள். ஷெல்பி மட்டும் எதையும் சுமக்கவில்லை. யாரிடமோ இரவல் வாங்கிய தள்ளுவண்டியில் ஜூனியை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

ஜூனி உயரமான குழந்தை. முழங்கால்கள் இரண்டும் முகவாய்க்கு முன்னால் நின்றன. தலையில் கைக்குழந்தைகள் போடும் சரிகை வைத்த தொப்பி, வாயில் ரப்பர் சூப்பான், மடியில் பால் பாட்டில். அவளுக்கு இந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. சூப்பானை எடுத்துவிட்டு, "நான் இன்னைக்குப் பாப்பா, ரோண்டா பெரியம்மா. பாப்பா பேசக் கூடாது," என்று விளக்கிவிட்டு மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

வேட் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். "இவளை ரெண்டு வயசுன்னு சொன்னா, எனக்குப் பதினாறுன்னு சொல்லலாம்."

"உன் தொப்பையை மறைச்சுக்கிட்டா நம்புவாங்க," என்றாள் ஷெல்பி. ஆட்ரியும் சேர்ந்து சிரித்தாள்.

ரோண்டா சிரிக்கவில்லை. தன் புருஷன் தன்னோடு இப்படி விழுந்து விழுந்து சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துக்கொண்டு நடந்தாள்.

வாசலில் வரிசை நீளமாக இருந்தது. ஷெல்பி நின்ற இடத்தில் அக்கம்பக்கத்தார் எல்லோரும் அவளோடு பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு பெண்மணி ஜூனிக்குக் கைவிசிறி ஒன்றைச் சும்மா கொடுத்தாள். ஆட்ரி சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையின் வார் ரோண்டாவின் தோளை அறுத்தது. உறைந்த பாட்டில்கள் உருகி முதுகை நனைத்தன.

வாசலில் டிக்கெட் பார்த்தவர் வெள்ளை மீசை வைத்த, சாதுவான மனிதர். ரோண்டா வீட்டு டிக்கெட் மூன்றையும் சரிபார்த்தார். ஆட்ரியைப் பார்த்து, "பத்து வயசாச்சாம்மா?" என்று கேட்டார். "ஆச்சு," என்றாள் ரோண்டா. உண்மையைச் சொன்னாள். அதற்கான பணத்தையும் முன்கூட்டியே கட்டியிருந்தாள்.

அடுத்து ஷெல்பி. சீட்டை நீட்டினாள், தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

"பாப்பாவுக்கு எத்தனை வயசு?"

"ரெண்டுங்க. செப்டம்பர் வந்தா மூணு. எங்க வீட்டுல எல்லாரும் கொஞ்சம் உயரம்."

பெரியவர் தள்ளுவண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்தார். ஷெல்பியின் முகத்தைப் பார்த்தார். அவர் உதடுகள் மீசைக்குள் நெளிந்தன. அவருக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்தே விடப் போகிறார் என்பது ரோண்டாவுக்குப் புரிந்தது. தனக்கு யாராவது எப்போதாவது இப்படி விட்டிருக்கிறார்களா? இந்த அழகான சிரிப்புக்கு உலகத்தில் எல்லாக் கதவும் திறக்குமா?

ரோண்டா திரும்பி வந்து தள்ளுவண்டிக்கு முன்னால் குனிந்தாள்.

"ஜூனிக் கண்ணு, மார்ச்சுல உன் கேக்குல எத்தனை மெழுகுவத்தி வச்சோம்? தாத்தாவுக்குச் சொல்லு பார்ப்போம்."

ஜூனி சூப்பானைத் துப்பினாள். "நாலு!" என்று கத்திவிட்டு நான்கு விரலையும் காட்டினாள். "ரோண்டா பெரியம்மா எனக்கு ரோலர் ஸ்கேட் வாங்கித் தந்தாங்க!"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியவரின் முகம் வாடிவிட்டது. பின்னாலிருந்த மேற்பார்வையாளர் திரும்பிப் பார்த்தார். இனி பெரியவரால் ஒன்றும் செய்ய முடியாது.

"மன்னிச்சிக்குங்க மேடம். பாப்பாவுக்கு டிக்கெட் அந்தக் கவுன்ட்டர்ல வாங்கணும்," என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஷெல்பி சண்டை போடவில்லை. அக்காவை ஒரே ஒரு தடவை பார்த்தாள். "சரிங்க," என்று சொல்லித் தள்ளுவண்டியைத் திருப்பினாள். அது திரும்புவதற்குள் ஜூனிக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்துவிட்டது. "நான் பேசிட்டேனா? அம்மா, நான் மறுபடி பாப்பாவா இருக்கேன்," என்று அழ ஆரம்பித்தாள். கூட்டத்துக்குள் அந்த அழுகை வெகுதூரம் வரை கேட்டது.

வேட் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பின்னாலிருந்தவர்கள் நெருக்க, மூவரும் உள்ளே தள்ளப்பட்டார்கள்.

ரோண்டா ஒரு வருஷமாகக் காத்திருந்த நாள் அப்படித் தொடங்கியது. முதலில் படகுச் சவாரிக்குப் போய் நின்றார்கள். வரிசை நத்தைபோல் நகர்ந்தது. அவசரமாகப் போவதற்குத் தனிக்கட்டணம் கட்டியவர்கள் பக்கத்துப் பாதையில் நடந்து போனார்கள். வேட் ரோண்டாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

ஆட்ரிதான் பேசினாள். "ஜூனி அழுதா. நீ பார்த்தியாம்மா?"

"பார்த்தேன். பொய் சொல்றது தப்பில்லையா? நாம காசு கட்டித்தானே வந்தோம்?"

"தப்புதான்." மகள் வரிசைக் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆனா நீ சிரிச்சேம்மா. அவ நாலுன்னு சொன்னப்போ."

ரோண்டா கையால் உதட்டைத் தொட்டாள். சிரித்திருந்தாள், உண்மைதான். உதட்டில் அந்தச் சிரிப்பு இருந்த இடம் இப்போதும் தெரிந்தது. கசப்பான மாத்திரை கரைந்த இடம்போல இருந்தது.

படகில் ஏறுவதற்குள், "நீங்க ரெண்டு பேரும் போங்க. நான் போய் அவங்களைக் கூட்டிட்டு வர்றேன்," என்று வேடிடம் சொன்னாள். சாயங்காலம் மூவரும் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கென்று ஒதுக்கிய பணம் அவளிடம் இருந்தது. ஜூனியின் டிக்கெட்டுக்கு அது போதும். வேட் அவள் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான் செய்தான். ஆனால் அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

வெளியே வந்து வெயிலில் தேடினாள். பஸ் நிறுத்தத்தில் இல்லை. வண்டி நின்ற இடத்திலும் இல்லை. ஓரமாக உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதுகொண்டிருப்பார்கள் என்று நினைத்து, சொல்ல வேண்டிய வார்த்தைகளை மனசுக்குள் உருட்டிக்கொண்டே நடந்தவளுக்கு, மோட்டலின் வேலிக்குப் பின்னாலிருந்து கீச்சென்ற சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஜூனி நீச்சல் குளத்தில் இருந்தாள். கையில் யாருடைய ஊதுபலூன் வாத்தோ இருந்தது. வெளியூர்க் குழந்தைகள் நாலைந்து பேர் அவளைச் சுற்றித் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஷெல்பி சாய்வு நாற்காலியில் படுத்து, யாரோ வாங்கிக் கொடுத்த ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டிருந்தாள்.

ரோண்டாவின் பச்சாத்தாபம் அந்த இடத்திலேயே ஆவியாகிவிட்டது. பழைய கசப்பு அப்படியே திரும்பி வந்தது. இவளை வெளியே துரத்தினாலும் இவளுக்குத்தான் நல்லது நடக்கிறது. காசு கட்டிய நான் வெயிலில் வேகிறேன்.

"எதுக்கு வந்தே?" என்றாள் ஷெல்பி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல். "என் வயசையும் இவங்ககிட்டச் சொல்லிட்டுப் போகலாம்னா?"

"ஜூனிக்கு டிக்கெட் எடுத்துத் தரேன். வா உள்ளே போலாம்."

"வேண்டாம்."

"ஷெல்பி, நான் பண்ணது தப்பு. ஆனா நீயும்…"

"பார்த்தியா? மன்னிப்புக் கேட்கும்போதும் ஒரு 'ஆனா' உன்கிட்ட இருக்கு." ஷெல்பி எழுந்து உட்கார்ந்தாள். ஐஸ்கிரீம் அவள் கையில் வழிந்தது. "அந்தம்மா ரெண்டு டிக்கெட் குடுத்தாங்க ரோண்டா. ஒண்ணை வித்து வாடகை கட்டினேன். போதுமா? நல்லா இருக்கா உனக்கு?"

ரோண்டா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"உங்கிட்டயா? நீ எனக்கு ஒரு சட்டை வாங்கிக் குடுத்தாலும் அதை நான் போடும்போதெல்லாம் அதோட விலை உன் கண்ணுல தெரியும்."

அது சுருக்கென்று தைத்தது. இதைக்கூட இவளால் அழாமல், முகம் கோணாமல், ஐஸ்கிரீமைக் கையில் வைத்துக்கொண்டே சொல்ல முடிகிறதே என்றுதான் முதலில் தோன்றியது. அதை நினைத்த மறுகணமே வெட்கமாக இருந்தது.

"எனக்கு உன்மேல பொறாமை," என்றாள். "சின்ன வயசிலேருந்து."

"தெரியும். ஊருக்கே தெரியும்."

அப்போது மோட்டல் காவலாளி கதவைத் திறந்துகொண்டு வந்தான். 'குளம், இங்கே தங்குகிறவர்களுக்கு மட்டும்' என்ற பலகையைக் காட்டிவிட்டு, ஷெல்பியிடம் நேராக வந்தான். "எந்த ரூம் மேடம்?"

ஷெல்பி தலையைச் சாய்த்துச் சிரித்தாள். இந்தத் தடவை அது பலிக்கவில்லை. அவன் சிரிக்காமல் நின்றான். குளத்தில் ஜூனி விளையாட்டை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தாள். அவள் கை மெல்ல வாய்க்குப் போனது, எதுவும் பேசிவிடக் கூடாது என்பதுபோல.

"இருநூத்திப் பதினொண்ணு," என்றாள் ரோண்டா. "என் வீட்டுக்காரர் சாவியை எடுத்துக்கிட்டு பார்க்குக்குப் போயிட்டாரு. துண்டு ரெண்டு கிடைக்குமா தம்பி? அறையில வச்சதெல்லாம் ஈரம்."

காவலாளி எண்ணைக் காதில் வாங்கவே இல்லை, அவளைத்தான் ஒரு தடவை பார்த்தான். கசங்கிய சட்டை, முதுகில் வியர்வை, மருந்துக்கடை கவுன்ட்டரில் நின்று நின்று இறுகிப்போன முகம். "கொண்டு வரேன் மேடம்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஷெல்பி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. "இருநூத்திப் பதினொண்ணா? இது ஒரே மாடிடி! இருபது ரூம்கூட இருக்காது!"

ரோண்டா திரும்பிக் கட்டடத்தைப் பார்த்தாள். ஒரே தளம்தான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காவலாளி துண்டுகளை மடித்து எடுத்துக்கொண்டு பணிவாகத் திரும்பி வந்தபோது இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு மட்டும் உன் மூஞ்சி இருந்திருந்தா," என்றாள் ஷெல்பி அவன் போன பிறகு, "நான் பேங்க்கையே கொள்ளையடிச்சிருப்பேன்." அவள் குரலில் விளையாட்டு மட்டும் இல்லை. ரோண்டா அதைக் கவனித்தாள். அன்றைக்கு முழுவதும் அதை நினைத்து உள்ளூர மகிழ்ந்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவள் மறுபடி பார்க்குக்குப் போகவில்லை. வேடுக்குப் போன் செய்து, பத்திரமாகப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். காலைத் தண்ணீரில் தொங்கப் போட்டுக்கொண்டு, வருஷம் முழுக்கச் சேர்த்த நாள் மணி மணியாகக் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு எரிந்தது. ஆனாலும் எழுந்து போகத் தோன்றவில்லை. வாத்தின் மேல் படுத்து மிதந்துவந்த ஜூனியிடம், "நீ நாலுன்னு சொன்னது சரிதான் கண்ணு. தப்பு பெரியம்மாவுது," என்றாள். ஜூனி கொஞ்சம் யோசித்துவிட்டு அவள் முழங்காலில் தண்ணீரை அள்ளி ஊற்றினாள்.

சாயங்காலம் திரும்பும்போது ஆட்ரி அம்மாவோடு அவ்வளவாகப் பேசவில்லை. பின் சீட்டில் ஜூனியை மடியில் சாய்த்துக்கொண்டு தூங்க வைத்தாள். இரண்டு மூன்று நாள் கழித்து அதுவும் சரியாயிற்று.

மறுவருஷம் டிக்கெட் இன்னும் ஏறியது. இனி முடியாது என்று வேடும் ரோண்டாவும் விட்டுவிட்டார்கள். வசந்தகாலத்தில் ஒரு நாள் ஷெல்பி போன் செய்தாள். பார்க்குக்குள் இளவரசி வேஷம் போடும் பெண்களுக்குச் சிகை அலங்காரம் செய்யும் வேலை கிடைத்திருக்கிறதாம். குடும்பத்துக்கு வருஷத்துக்குச் சில டிக்கெட் இலவசமாம். "உங்க மூணு பேருக்கும் எடுத்து வச்சிருக்கேன். எந்த நாள் வசதின்னு சொல்லு," என்றாள்.

"யோசிச்சுச் சொல்றேன்," என்று ரோண்டா போனை வைத்தாள். வைத்துவிட்டு அடுப்பைத் தேய்க்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த அடுப்பு. கம்பிநாரை எடுத்து அழுத்தி அழுத்தி, முழங்கை வலிக்கும்வரை தேய்த்தாள். வேலையும் கொடுத்து டிக்கெட்டும் கொடுப்பார்களாம் இவளுக்கு. இளவரசிகளுக்குத் தலைவாரிவிட்டால் போதுமாம்.

பிறகு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு தங்கையைக் கூப்பிட்டாள்.

"சனிக்கிழமை கூட்டமா இருக்கும்," என்றாள். "செவ்வாய்க்கிழமை வர்றோம். சாண்ட்விச் நான் கட்டிக்கிட்டு வரேன்."